அந்தக் கேஸ் கட்டு எங்க இருக்கு?

"வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சு, சுத்தமா இருக்கு."

இந்த ஒரு வரிய நம்பி வாழ்நாள் சேமிப்பையே கொண்டுபோய் ஒரு வீட்டு மேல போடுறாங்க நம்ம ஆளுங்க. எனக்கு இது மேல ரொம்ப நாளா கோபம். இந்த மாசம் தேசூர்ல எங்க சித்தப்பா விஷயத்துல அது உச்சத்துக்குப் போச்சு. அதான் எழுத உக்காந்துட்டேன். நீளமா இருக்கும். வீடு, மனை, நிலம்னு எதையாவது வாங்கப் போறவங்க பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு. வில்லங்கச் சான்றுன்னா என்ன? சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவான பத்திரங்களோட பட்டியல். அவ்வளவுதான். கிரயம், அடமானம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினைன்னு பதிவானதெல்லாம் அதுல வரும். கோர்ட்டு ஜப்தி உத்தரவு போட்டு அது பதிவு ஆபீசுக்குப் போயிருந்தா அதுவும் வரும்.

ஆனா அந்தச் சொத்து மேல ஒரு கேஸ் இப்போ நடந்துக்கிட்டு இருந்தா?

பொதுவா அது வில்லங்கத்துல தெரியாது.

மகாராஷ்டிராவுலயும் குஜராத்துலயும் கேஸ் போட்டவங்க அந்த விவரத்தைப் பதிவு பண்ணணும்னு சட்டத்தையே திருத்தி வச்சிருக்காங்க. நம்ம பக்கம் அப்படி இல்ல. இங்க 1882ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டம், 52ஆம் பிரிவு அப்படியே பாயும். கேஸ் நடக்கும்போது நீங்க வாங்கினா, அந்தத் தீர்ப்பு உங்களையும் கட்டுப்படுத்தும். கேஸ் இருந்ததே தெரியாதுன்னு நீங்க அழுதாலும் நிக்காது.

அதனால வாங்குறவங்க வில்லங்கத்தோட நிறுத்தக் கூடாது. கோர்ட்டுலயும் தேடணும். பழைய கேஸா இருந்தா தீர்ப்போட நகலைக் கையில வாங்கிப் படிக்கணும். "அதெல்லாம் வக்கீலுக்குத்தான் குடுப்பாங்க"ங்கிற பேச்சை முதல்ல தூக்கிப் போடுங்க.

சித்தப்பா கதைக்கு வர்றேன்.

தேசூர் தெரியாதவங்களுக்கு: திருவண்ணாமலை மாவட்டம், வந்தவாசி தாலுக்கா, சின்ன பேரூராட்சி. ஆரணிப் பட்டுன்னு கடையில தொங்குற சேலை (புவிசார் குறியீடு வாங்கின சேலை) ஆரணி டவுனுக்குள்ள மட்டும் நெய்யறதில்ல. சுத்துப்பட்டு ஊருங்கள்ல, வீட்டுக்குள்ளயே ஓடுற தறியில நெய்யறாங்க. வீடு வேற, தொழில் வேறன்னு பிரிக்க முடியாது. குழித்தறி போட்ட வீட்டுல பாகம் பிரிச்சா, தறிக்குழி யார் பக்கம் போகுதுன்னே பெரிய சண்டை வரும். பாவு நீட்ட இடம் வேணும், தறிக்கு வெளிச்சம் வேணும். அரை வீடு கிடைச்சா அதை வச்சு என்ன நெய்ய முடியும்? அதனால இந்த மாதிரி ஊர்கள்ல பாகவழக்குக்குக் கனம் ஜாஸ்தி.

சித்தப்பா பக்கத்து வீட்டை வாங்கிப் போட்டு இன்னொரு தறி இறக்கலாம்னு நினைச்சார். வில்லங்கம் சுத்தம். விலையும் ஒத்து வந்துச்சு. அட்வான்ஸ் குடுக்கப் போற நேரத்துல டீக்கடையில ஒரு பெரியவர் சொல்லியிருக்கார்: "அது அண்ணன் தங்கச்சி கேஸ் நடந்த வீடாச்சேப்பா."

சித்தப்பா எனக்கு போன் பண்ணினார்.

"பழைய கேஸாம்டா. எப்பவோ முடிஞ்சு போச்சுன்னு விக்கிறவர் சொல்றார்."

"முடிஞ்சிருந்தா தீர்ப்பு இருக்கும்ல சித்தப்பா. அதப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க."

"நமக்கெல்லாம் எப்படிடா குடுப்பாங்க? அந்தக் கேஸ்ல நாம ஆளே இல்லியே."

இந்தக் கேள்விதான் எல்லார் வாயிலயும் வருது. பதில்: குடுப்பாங்க. கேக்குற முறையில கேட்டா குடுப்பாங்க.

நம்ம நாட்டுல கோர்ட்டு கதவைத் திறந்து வச்சு விசாரிக்கணும்ங்கிறது சட்டம். சிவில் நடைமுறைச் சட்டத்துல 153-பி பிரிவு இருக்கு. கிரிமினல் பக்கம் முன்ன 327ஆம் பிரிவு, 2024 ஜூலை 1க்கு அப்புறம் புது நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவுல 366. அப்படித் திறந்த கோர்ட்டுல வாசிச்ச தீர்ப்பு பொது ஆவணம். பொது ஆவணத்துக்குச் சான்றிட்ட நகல் குடுக்கணும்னு பழைய சாட்சியச் சட்டத்துல 76ஆம் பிரிவு சொல்லுச்சு. இப்போ அதே விஷயம் புதுச் சட்டத்துல 75ஆம் பிரிவா இருக்கு.

(இது வெள்ளைக்காரன் வந்து சொல்லிக் குடுத்த பழக்கம்னு நினைக்காதீங்க. நம்ம ஆற்காட்டுப் பக்கக் கோயில் சுவத்துல சோழர் காலக் கல்வெட்டுகளைப் பாருங்க. வேட்டைக்குப் போன இடத்துல அம்பு தவறி ஆள் செத்துட்டான், ஊரார் கூடி விசாரிச்சாங்க, கோயில்ல விளக்கெரிக்கச் சொன்னாங்கன்னு வெட்டி வச்சிருக்கான். தீர்ப்பைச் சுவத்துலயே வெட்டினா யார் வேணா நின்னு படிச்சுக்கலாம். எவன்கிட்டயும் மனு போடத் தேவையில்ல.)

சரி, எங்க தேடுறது?

இதுதான் நிஜமான வேலை. நகல் வாங்குறது ரெண்டாவது. எந்தக் கோர்ட்டு, எந்த வருஷம், எந்த நம்பர், இந்த மூணும் தெரிஞ்சா முக்கால்வாசி வேலை முடிஞ்சுது. தெரியாம போனா "நம்பர் கொண்டாங்க"ன்னு திருப்பி அனுப்புவாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். ரெக்கார்டு ரூம்ல வருஷ வாரியா, நம்பர் வாரியா கட்டி வச்சிருக்கிற கட்டுல, பேரைச் சொல்லி எதைன்னு தேடுவாங்க?

தேசூருக்குத் தனிக் கோர்ட்டு கிடையாது. சொத்து, கடன், பாகம் மாதிரி சிவில் கேஸுக்கு வந்தவாசி முன்சீப் கோர்ட்டுதான் முதல் இடம். தொகை பெருசா இருந்தா சப் கோர்ட்டு. அப்பீல்னு போனதைப் பாத்தா, நான் படிச்ச ஹைகோர்ட்டுத் தீர்ப்புகள்ல வந்தவாசி கேஸுக்குச் செய்யாறு சப் கோர்ட்டு பேர்தான் அடிக்கடி வருது. அடிதடி, திருட்டு, செக் பவுன்ஸ்னா மாஜிஸ்திரேட் கோர்ட்டு.

பழசா போகப் போக இது மாறும். திருவண்ணாமலை மாவட்டம் பிறந்ததே 1989 செப்டம்பர் 30ல. அதுக்கு முன்ன நாம வட ஆற்காடு, தலைநகர் வேலூர். அதனால மாவட்டக் கோர்ட்டு வரைக்கும் போன பழைய கேஸ்னா வேலூர்லயும் கேட்டுப் பாக்கணும். இன்னும் பின்னாடி போனா, 1911 வரைக்கும் வட ஆற்காட்டுக்குத் தலைநகர் சித்தூர்! உங்க கொள்ளுத் தாத்தா காலத்து அப்பீல் ஒண்ணைத் தேடுறீங்கன்னா, இன்னிக்கு ஆந்திராவுல இருக்கிற ஊர்ப் பேரும் அதுல வரலாம்ங்கிறதை நினைப்புல வச்சுக்கங்க.

புது கேஸ்னா வேலை சுலபம். இ-கோர்ட்ஸ் தளம், இல்லன்னா அதோட செயலி. மாநிலம், மாவட்டம், கோர்ட்டு வளாகம்னு தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பேர், வக்கீல் பேர், கேஸ் நம்பர், எஃப்.ஐ.ஆர். நம்பர்னு எதை வச்சும் தேடலாம். எஃப்.ஐ.ஆர். வழியில போனா ஸ்டேஷன் பட்டியல்ல தேசூரைத் தேர்ந்தெடுத்துக்கணும். ஒவ்வொரு கேஸுக்கும் 16 எழுத்து சி.என்.ஆர். எண் ஒண்ணு இருக்கும். முதல் ரெண்டு எழுத்து மாநிலம், அடுத்த ரெண்டு மாவட்டம், அடுத்த ரெண்டு அந்தக் கோர்ட்டு, அப்புறம் ஆறு இலக்கம் வரிசை எண், கடைசி நாலு வருஷம். அந்த எண் கிடைச்சா எழுதி வச்சுக்கங்க. வாய்தா தேதியில இருந்து உத்தரவு வரைக்கும் எல்லாம் அதுலயே வரும்.

பேர் வச்சுத் தேடுறதுலதான் உயிர் போகும். வருஷத்தைப் போடாம தேட முடியாது. அதனால சந்தேகம் இருக்கிற ஒவ்வொரு வருஷத்தையும் தனித்தனியா போடணும். "நிலுவை"யில மட்டும் பாத்துட்டு எழுந்துடாதீங்க, "முடிந்தவை"யும் பாருங்க. நம்ம பேரை இங்கிலீஷ்ல எழுதுறவங்க ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவாங்க. முருகேசனுக்கே எத்தனை ஸ்பெல்லிங்! முழுப் பேரைப் போடாம முதல் நாலஞ்சு எழுத்தை மட்டும் போட்டா நிறைய கிடைக்கும். அதுல அப்பா பேரை வச்சு வடிகட்டிக்கலாம்.

விக்கிறவர் பேரை மட்டும் தேடினா பத்தாது. அவரோட அப்பா, பெரியப்பா, அத்தை, அவருக்கு முன்னாடி வித்தவர், எல்லாரையும் தேடுங்க. பெண்கள் பேரை அவசியம் தேடுங்க. பங்கு கேட்டு வர்ற கேஸ்ல வாதி பெரும்பாலும் அவங்கதான்.

இப்போ ஒரு குறுக்கு வழி சொல்றேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி.

ஒரு கேஸ் ரெண்டாவது அப்பீலா சென்னை ஹைகோர்ட்டு வரைக்கும் போயிருந்தா, அந்தத் தீர்ப்போட முதல் பக்கத்துலயே கீழ்க்கோர்ட்டு நம்பர் ரெண்டும் இருக்கும். இன்ன சப் கோர்ட்டு ஏ.எஸ். (அப்பீல் வழக்கு) நம்பர், இன்ன முன்சீப் கோர்ட்டு ஓ.எஸ். (அசல் வழக்கு) நம்பர், ரெண்டுக்கும் தேதியோட. ஹைகோர்ட்டுத் தீர்ப்புகள் இந்தியன் கானூன் தளத்துல (2008ல இருந்து இருக்கு) காசில்லாம கிடைக்குது. ஊர்ப் பேரைப் போட்டுத் தேடுங்க. வந்தவாசியைப் பழைய தீர்ப்புகள்ல 'வாண்டிவாஷ்'னு இங்கிலீஷ்காரன் பாணியில எழுதியிருப்பான், அதையும் போடுங்க. தேசூருக்கும் இங்கிலீஷ்ல 'D' போட்டு ஒரு தரம், 'Th' போட்டு ஒரு தரம். உக்காந்த இடத்துல இருந்தே முன்சீப் கோர்ட்டு நம்பர் கிடைச்சா அது எவ்வளவு பெரிய சந்தோஷம் தெரியுமா!

சித்தப்பா கேஸ் ஹைகோர்ட்டு வரைக்கும் போகல. கம்ப்யூட்டர் காலத்துக்கும் முந்தினது. ரெண்டு வழியும் அடைச்சுப் போச்சு.

அப்புறம் பேப்பரை விட்டுட்டு ஆளுங்ககிட்ட போனோம்.

டீக்கடைப் பெரியவருக்கு வருஷம் தெரியல. ஆனா, "எம்ஜியார் முதல் தடவை முதலமைச்சரா வந்தாரே, அந்தச் சமயத்துல தீர்ப்பு வந்துச்சு"ன்னார். அது 1977. ஒரு கேஸ் சில வருஷம் நடந்திருக்கும், அப்போ போட்டது அதுக்கு முன்னாடி. தேட வேண்டிய ரிஜிஸ்டர் மூணு நாலு வருஷத்துக்குள்ள சுருங்கிடுச்சு. கிராமத்துல யாருக்கும் தேதி நினைப்பிருக்காது, ஆனா எந்தக் கட்சி ஆட்சி, எந்த வருஷத்துப் பஞ்சம், யார் கல்யாணத்துக்கு முன்ன பின்னன்னு கேட்டா தெளிவா சொல்லுவாங்க. அப்படித்தான் கேக்கணும்.

இன்னொரு இடம், வீட்டு இரும்புப் பெட்டி. பழைய வக்கீல் நோட்டீஸ், சம்மன், வக்கீல் பீஸ் ரசீது, எதுலயாவது ஓ.எஸ். நம்பர் இருக்கும். பின்னாடி எழுதின பத்திரங்களையும் வரி விடாம படிங்க. "மேற்படி சொத்து சம்பந்தமாக முன்சீப் கோர்ட்டு அசல் வழக்கில்..."னு ஒரு வரி நடுவுல ஒளிஞ்சிருக்கும். பத்திரம் படிக்கிறவங்க செக்குபந்தியை (நாலு எல்லையை) மட்டும் பாத்துட்டு மடிச்சு வச்சுடுறாங்க, அந்த வரியை யாரும் கவனிக்கிறதில்ல.

செக்குபந்தின்னதும் ஒண்ணு. 1979ல இருந்து 1987 வரைக்கும் யு.டி.ஆர்.னு நில ஆவணங்களைத் திருத்தினாங்க. அதுல நிறைய சர்வே நம்பர் மாறிப் போச்சு. அதனால 1970கள் தீர்ப்புல இருக்கிற சர்வே நம்பரையும் இன்னிக்குப் பட்டாவுல இருக்கிறதையும் பக்கத்துல வச்சுட்டு "இது வேற சொத்து"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. நாலு எல்லையை ஒப்பிடுங்க. கிழக்கே யார் வீடு, மேற்கே எந்தத் தெரு, வடக்கே எந்தக் கிணறு. எல்லைதான் உண்மையைச் சொல்லும்.

அடுத்து கோர்ட்டுக்குப் போறது. உள்ள நுழைஞ்ச உடனே யாரைப் பாக்கணும்?

என் அனுபவத்துல வக்கீல் குமாஸ்தாதான் தெய்வம். மரத்தடியில உக்காந்திருக்கிற ஒரு வயசான குமாஸ்தா அண்ணன்கிட்ட பேர், ஊர், உத்தேச வருஷம் மூணையும் சொன்னோம். "சூட் ரிஜிஸ்டரைப் பாக்கணும் தம்பி, அதுக்கு மனுப் போட்டு கட்டணம் கட்டணும். போடலாம், வா"ன்னார். சூட் ரிஜிஸ்டர்ங்கிறது அந்த வருஷம் தாக்கலான எல்லா அசல் வழக்குக்குமான பெரிய நோட்டு. வாதி, பிரதிவாதி, என்ன கேட்டாங்க, என்ன ஆச்சு, அப்பீல் போச்சா, எல்லாம் ஒரே வரிசையில இருக்கும்.

இன்னொரு அலுவலகத்துல எங்களுக்குக் கிடைச்ச பதில் வேற. "அவ்ளோ பழசெல்லாம் அழிச்சிருப்பாங்க, போங்க." ரிஜிஸ்டரைக் கூட திறக்காம சொன்ன பதில் அது. எனக்கு அங்க வந்த கோபம் இன்னும் ஆறல. இதை நம்பித் திரும்பிப் போனவங்க எத்தனை பேரோ!

அழிக்கிறது உண்மைதான், அதுக்கு 1917ஆம் வருஷத்து ஆவண அழிப்புச் சட்டமே இருக்கு. ஹைகோர்ட்டு விதி போட்டு, கெடு முடிஞ்ச கட்டுகளைக் கழிக்கலாம். ஆனா எல்லாத்தையும் ஒரே மாதிரி கழிக்கிறதில்ல. இடைக்கால மனு, சாட்சிப் படி, திரும்ப வாங்காத காகிதங்க சீக்கிரம் போகும். தீர்ப்பும் தீர்ப்பாணையும் அப்படிப் போறதில்ல, அதை ரொம்பக் காலம் காப்பாத்துவாங்க. அதனால "அழிச்சாச்சு"ன்னு வாய்வார்த்தையா சொன்னா ஏத்துக்காதீங்க. நகல் மனுவைப் போடுங்க, இல்லன்னா இல்லன்னு எழுத்துல வாங்குங்க.

ரிஜிஸ்டர்ல எங்க கேஸ் இருந்துச்சு! வாதி தங்கச்சி, பிரதிவாதி அண்ணன்மார் ரெண்டு பேர். பாகப்பிரிவினை. கடைசி கட்டத்துல "டிகிரி ஆனது". சித்தப்பா முகத்தைப் பாக்கணுமே.

நம்பர் கையில வந்ததும் நகல் மனு. கோர்ட்டுல இதை "சி.ஏ. போடுறது"ம்பாங்க. என்ன கேஸ், என்ன நம்பர், எந்த ஆவணத்தோட நகல் வேணும் (தீர்ப்பா, தீர்ப்பாணையா, பிராதா, சாட்சி வாக்குமூலமா), எல்லாம் தனித்தனியா எழுதணும். "எல்லா பேப்பரும்"னு எழுதினா வேலைக்காகாது. தீர்ப்பு வேற, தீர்ப்பாணை வேற. தீர்ப்புல ஏன்னு இருக்கும், தீர்ப்பாணையில யாருக்கு என்னன்னு இருக்கும். சொத்து விவரம் தீர்ப்பாணையிலதான் தெளிவா இருக்கும், ரெண்டையும் கேளுங்க.

கேஸ்ல கட்சிக்காரரா இருந்தா இதோட சரி. நாம மூணாம் மனுஷன். அதனால ஒரு பிரமாண வாக்குமூலம் சேத்து வைக்கணும்: நான் யார், எனக்கு இந்த நகல் எதுக்கு. "இந்தச் சொத்தை நான் வாங்க இருக்கிறேன், உரிமை மூலத்தைச் சரிபார்க்க வேண்டும்"னு நேரா எழுதுங்க. நல்ல காரணம், மறைக்கிறதுக்கு எதுவும் இல்ல. கோர்ட்டு உத்தரவு போட்டா நகல் வரும். கிரிமினல் தீர்ப்புக்கும் இப்படி வழி இருக்கு, சம்பந்தமில்லாத ஆளுக்கும் நகல் குடுக்க ஹைகோர்ட்டு விதி செய்யலாம்னு சட்டமே சொல்லுது.

"ஆர்.டி.ஐ. போட்டா பத்து ரூபாயில வந்துடுமே?" இதைக் கேக்காத ஆள் இல்ல. வராது. குஜராத் ஹைகோர்ட்டு சம்பந்தமான ஒரு வழக்குல 2020 மார்ச் 4ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதைத் தீத்து வச்சுடுச்சு. கோர்ட்டு விதியில நகல் வாங்க வழி இருக்கும்போது தகவல் உரிமைச் சட்டத்துல வராதீங்க, மூணாம் மனுஷன் காரணம் சொல்லி வாக்குமூலம் குடுக்கணும்ங்கிற விதி செல்லும்னு தீர்ப்பு. எழுதினது நம்ம தமிழ்நாட்டு நீதிபதி ஆர். பானுமதி. எனக்கு அந்தத் தீர்ப்பு முழுசா பிடிக்கலங்கிறதைச் சொல்லியே ஆகணும். திறந்த கோர்ட்டுல வாசிச்ச ஒண்ணுக்கு ஏன் காரணம் சொல்லணும்? ஆனா சட்டம் அதுதான். அந்த வழியிலயே போவோம்.

குடுக்க மாட்டேன்னு சொல்ல நியாயமான இடங்களும் உண்டு. குழந்தைகள் சம்பந்தப்பட்ட போக்சோ கேஸ், பாலியல் குற்றத்துல பாதிக்கப்பட்டவங்களோட அடையாளம், இந்துத் திருமணச் சட்டத்துல மூடின அறையில நடக்குற குடும்ப வழக்கு. இதையெல்லாம் தோண்டுறதுக்கு நமக்கு உரிமை இல்ல, இருக்கவும் கூடாது.

ஒரு யோசனை: மூணாம் மனுஷனா போறதுக்கு முன்ன விக்கிறவரையே நகல் வாங்கித் தரச் சொல்லுங்க. அவர் பழைய பிரதிவாதியோட வாரிசுன்னா அவருக்குக் கிடைக்கிறது இன்னும் சுலபம். ஒத்துக்கிட்டா நல்லது. "எதுக்குங்க அதெல்லாம், நம்பிக்கை இல்லியா?"ன்னு இழுத்தா, அந்த இழுப்புலயே உங்களுக்குப் பாதி தெரிஞ்சு போகும்.

மனு போட்டதோட மறந்துடக் கூடாது. எத்தனை பக்கம், எவ்வளவு கட்டணும்னு கணக்குப் போட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டுவாங்க. குடுத்த கெடுவுக்குள்ள கட்டலன்னா மனு தள்ளுபடி. வெளியூர்க்காரங்க தவற விடுறது இங்கதான். குமாஸ்தா அண்ணன்கிட்ட சொல்லி வச்சா பாத்துச் சொல்லுவார், அதுக்கு ஒரு மரியாதை செய்யறது தப்பே இல்ல. ஆனா "நான் உள்ள ஆள் வச்சிருக்கேன், மொத்தமா இவ்ளோ குடு"ங்கிறவர்கிட்ட போகாதீங்க. பணம் குறைவா இருக்கிறவங்க, பெண்கள், தாழ்த்தப்பட்டவங்க, பழங்குடியினர், தொழிலாளிங்க: கோர்ட்டு வளாகத்துலயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கும். 1987ஆம் வருஷச் சட்டத்துப்படி உங்களுக்கு இலவசமா வக்கீல் வைக்க உரிமை இருக்கு. போன்னா 15100.

நகல் வந்துச்சு. இங்கதான் முக்கியமான கட்டம்.

விக்கிறவர் சொன்னது பொய் இல்ல. தீர்ப்பு ஆகியிருக்கு. தங்கச்சிக்கு மூணுல ஒரு பங்குன்னு தெளிவா இருக்கு. ஆனா தீர்ப்பாணையோட தலைப்பைப் பாருங்கன்னு குமாஸ்தா அண்ணன் விரலை வச்சார்: முதல்நிலைத் தீர்ப்பாணை.

பாக வழக்குல ரெண்டு கட்டம். முதல்நிலைத் தீர்ப்பாணை யாருக்கு எவ்வளவு பங்குன்னு சொல்லும். அப்புறம் இறுதித் தீர்ப்பாணைக்குத் தனி மனு போடணும். கமிஷனர் வந்து அளந்து, இந்த அறை உனக்கு, இந்தத் தாழ்வாரம் எனக்குன்னு பிரிச்சுக் குடுப்பார். இந்தக் கேஸ்ல ரெண்டாவது கட்டமே நடக்கல. தங்கச்சி கல்யாணமாகிப் போன இடத்துல இருந்துட்டாங்க, அண்ணன்மார் வீட்டுலயே இருந்துட்டாங்க, ஊர் "கேஸ் முடிஞ்சுது"ன்னு பேசிட்டு விட்டுடுச்சு.

இத்தனை வருஷம் ஆச்சே, காலாவதி ஆகியிருக்காதா? ஆகாது. இறுதித் தீர்ப்பாணை கேக்குற மனுவுக்குக் காலக்கெடு கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 2009ல சுபகரன் பப்னா வழக்குல சொல்லியாச்சு. அந்த அம்மாவோட பிள்ளைங்க நாளைக்கே மனு போடலாம். வீட்டுல மூணுல ஒரு பங்கு அவங்களோடது. வில்லங்கம் 'சுத்தம்'!

(பெண்களுக்குப் பங்குன்னதும் 2005 சட்டத்தைப் பத்தியும் கேப்பீங்க. பூர்வீகச் சொத்துல மகளுக்கும் சம உரிமைன்னு தமிழ்நாடு 1989லயே ஓரளவு கொண்டாந்துச்சு, நாடு முழுக்க 2005 செப்டம்பர் 9ல வந்துச்சு. 2004 டிசம்பர் 20க்கு முன்ன பதிவுப் பத்திரத்துலயோ கோர்ட்டுத் தீர்ப்பாணையிலயோ முழுசா முடிஞ்ச பாகத்தை அது கலைக்காது. முடிஞ்சுதா இல்லையான்னு எப்படித் தெரியும்? அதே பழைய கட்டைத் திறந்தாத்தான் தெரியும். எங்க கேஸ்ல வீடு அப்பா சொந்தமா வாங்கினதுங்கிறதால அந்தக் கேள்வி வரல.)

சித்தப்பா என்ன பண்ணினார்? வாங்குறதை விடல. அந்த அம்மாவோட பிள்ளைங்களைத் தேடிப் போய், தீர்ப்பாணை நகலை அவங்க கையில குடுத்தார். அவங்களுக்கே தெரியாதாம், "அம்மா கேஸ் போட்டாங்கன்னு தெரியும், ஜெயிச்சாங்கன்னு தெரியாது"ன்னாங்க. இப்போ விக்கிறவர், அவங்க, எல்லாரும் உக்காந்து பேசியிருக்காங்க. அவங்க பங்குப் பணம் அவங்களுக்குப் போகும், எல்லாரும் சேந்து கையெழுத்துப் போடுவாங்க. எங்க சித்தப்பாவை நினைச்சா எனக்குப் பெருமையா இருக்கு. சொல்லாம விட்டிருந்தா அவருக்கு விலை கம்மியா முடிஞ்சிருக்கும்னு நினைக்கிறவங்க, மேல 52ஆம் பிரிவுக்கு முன்ன பின்ன ஒரு தரம் படிச்சுட்டு வாங்க.

நெசவுக்காரங்களுக்கு மட்டும் இன்னொரு விஷயம். கூட்டுறவுச் சங்கத்தோட தகராறுன்னா, கோர்ட்டுல தேடி நேரத்தை வீணாக்காதீங்க. கடன் பாக்கி, நிர்வாகச் சண்டை எல்லாம் 1983 கூட்டுறவுச் சங்கச் சட்டம் 90ஆம் பிரிவுல பதிவாளர் தரப்புல விசாரிக்கிறது. சிவில் கோர்ட்டுக்கு அங்க வேலை இல்லன்னு 156ஆம் பிரிவு கதவை மூடியிருக்கு. நெசவாளர் சங்கம்னா அந்தக் கட்டு கைத்தறித் துறை அலுவலகத்துல இருக்கும். அது கோர்ட்டு இல்ல, அரசு அலுவலகம். அங்க தகவல் உரிமை மனு தாராளமா போடலாம்.

கடைசியா, நகல் கையில வந்ததும் கவுன்ட்டர்லயே நின்னு பாருங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் முத்திரை இருக்கா, பக்க வரிசை விடாம இருக்கா, சொத்து விவர அட்டவணை சேந்திருக்கா (இது அடிக்கடி விட்டுப் போகும்), கையெழுத்து இருக்கா. மனு போட்ட தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டின தேதி, நகல் தயாரான தேதி, வாங்கின தேதின்னு ஒரு முத்திரை இருக்கும், அதையும் பாத்துக்கங்க. அப்பீல் போறவங்களுக்கு அது உயிர் மாதிரி. மாவட்டத்துக்குள்ள அப்பீல்னா 30 நாள், ஹைகோர்ட்டுன்னா 90 நாள். நகல் வாங்க ஆன நாளை அதுல கழிச்சுக்கலாம்னு காலவரையறைச் சட்டம் 12ஆம் பிரிவு சொல்லுது, அந்தக் கணக்குக்கு ஆதாரமே அந்த முத்திரைதான். பழைய தாளுங்க கையில பொடியா போகும், அதனால வீட்டுக்கு வந்த அன்னிக்கே ஸ்கேன் பண்ணி, ஒரு பிரதியைப் பங்காளி வீட்டுலயும் குடுத்து வைங்க.